வீட்டில் மீன்தொட்டி கட்டுவோர் கண்ணாடியின் தடிமனைத் தேர்ந்தெடுக்கும் முறை

மீன்தொட்டியைத் தாமே கட்ட முனைவோர் பலரும் "இத்தனை லிட்டர் தொட்டிக்கு எத்தனை மி.மீ. கண்ணாடி போட வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடையாது. 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட ஒரு தொட்டியையும், அதே 120 செ.மீ. நீளத்தில் 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்ட இன்னொரு தொட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 216 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் முதல் தொட்டியின் முகப்புக் கண்ணாடி 12 மி.மீ. இருந்தாக வேண்டும், இரண்டாவதற்கு, மேல்விளிம்பு பிடிக்கப்பட்டிருந்தால், 5 மி.மீ. போதும் என்று கணக்கு சொல்கிறது. தடிமனை முதலில் தீர்மானிப்பது தொட்டியின் உயரம். அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியவை, உயரத்தைப் போல நீளம் எத்தனை மடங்கு என்பதும், மேல்விளிம்பு எதனாலாவது பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதும் ஆகும்.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது; எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த சைமன் ஸ்டெவின் 1586-லேயே இதை விளக்கிவிட்டார். தொட்டிக் கணக்குக்கு இதை எளிதாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் அத்தனை கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் இருக்கும். 60 செ.மீ. ஆழத்தில் 60 கிராம், நீர்மட்டத்தில் சுழி, சராசரி 30 கிராம். எனவே 120 × 60 செ.மீ. முகப்புக் கண்ணாடியை நீர் மொத்தத்தில் ஏறத்தாழ 216 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் வெளிநோக்கித் தள்ளுகிறது. அதே நீளத்தில் உயரத்தை 30 செ.மீ. ஆக்கினால் அந்த விசை 54 கிலோவாகக் குறைந்துவிடும். உயரம் பாதியானால் விசை கால் பங்காகிறது. முகப்புக்கும் பின்புறத்துக்கும் இடையே உள்ள அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் முகப்புக் கண்ணாடி தாங்க வேண்டிய விசை மாறுவதில்லை. கடல்நீர்த் தொட்டியில் நீரின் அடர்த்தி சுமார் இரண்டரை விழுக்காடு மட்டுமே கூடுதல் என்பதால் அதற்கென்று தனிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இவ்விசையைக் கண்ணாடி எவ்வாறு தாங்குகிறது என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. நீர் தள்ளும்போது கண்ணாடி மிகச் சிறிதளவு வெளிப்புறமாக வளைகிறது. வளையும்போது அதன் உட்பரப்பு அமுக்கப்படுகிறது, வெளிப்பரப்பு இழுபடுகிறது. அமுக்கத்தைக் கண்ணாடி வெகுவாகத் தாங்கும். இழுப்பைத் தாங்குவதில்தான் அது பலவீனமானது. பரப்பிலும் விளிம்பிலும் உள்ள, கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களின் முனையில் விசை குவிவதே இதற்குக் காரணம் என்று ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் 1921-ல் விளக்கினார். இதோடு, தொட்டிக் கண்ணாடிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஜன்னல் கண்ணாடி பலமான காற்று வீசும் சில நொடிகளுக்கு மட்டுமே சுமையைத் தாங்குகிறது. தொட்டிக் கண்ணாடியோ இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில், ஒரே சுமையின் கீழ் நிற்கிறது. நீண்ட காலச் சுமையின் கீழ், ஈரப்பதத்தின் துணையோடு, நுண்கீறல்கள் மெல்ல மெல்ல வளரக்கூடியவை. நிரப்பிய அன்று உடையாத தொட்டி என்றைக்கும் உடையாது என்று சொல்ல முடியாததும், பாதுகாப்புக்கெனத் தாராளமாக இடம் விட வேண்டியதும் இதனால்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். சாதாரணக் கண்ணாடியின் இழுவலிமையை ஒரு சதுர மி.மீ.-க்கு 19.2 நியூட்டன் என்று கொண்டு, அதை 3.8 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்து, அனுமதிக்கத்தக்க தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ. தாங்கலாம் என்று கொள்ளும் இழுவிசை, 5.05 என்று எடுத்துக்கொள்வது தொட்டி கட்டுவோரிடையே பரவலாக உள்ள வழக்கம். பிறகு தேவைப்படுவது ஒரு கெழு, அதாவது நீளம் உயரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்து மாறும் ஒரு பெருக்கு எண். நீளமும் உயரமும் சமமாக இருந்தால் அது 0.16, நீளம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கானால் 0.26, இரண்டு மடங்கானால் 0.32, இரண்டரை மடங்கானால் 0.35, மூன்று மடங்கானால் 0.37, நான்கு மடங்கானால் 0.38. அதற்கு மேல் நீளம் கூடினாலும் கெழு குறிப்பிடத்தக்க அளவு ஏறுவதில்லை. உயரத்தை மி.மீ.-ல் எழுதி, அதை அதனாலேயே இருமுறை பெருக்கி, வரும் எண்ணை 0.00001 ஆலும், பின் கெழுவாலும் பெருக்கி, 5.05 ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் வேண்டிய தடிமன் மி.மீ.-ல் கிடைத்துவிடும்.

120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. உயரமும் உள்ள முகப்பை இவ்வழியில் பார்ப்போம். 600 × 600 × 600 என்பது 21,60,00,000. அதை 0.00001 ஆல் பெருக்கினால் 2,160. நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. எனவே கெழு 0.32, பெருக்கினால் 691.2. அதை 5.05 ஆல் வகுத்தால் 136.9. வர்க்கமூலம் 11.7. கிடைக்கும் கண்ணாடிகளில் இதற்கு அடுத்த பெரிய அளவு 12 மி.மீ. கணக்கில் வரும் எண்ணை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும், 10.2 வந்தால் 10 போதும் என்று தேற்றிக்கொள்ளக் கூடாது. உயரம் என்பதற்கு நீர்மட்டத்தை எடுக்காமல் கண்ணாடியின் முழு உயரத்தையே எடுப்பதும் நல்ல பழக்கம். தொட்டி என்றாவது ஒரு நாள் விளிம்பு வரை நிரம்பத்தான் செய்யும்.

பரவலாகக் கிடைக்கும் சாதாரணத் தட்டைக் கண்ணாடியான ஃப்ளோட் கண்ணாடி 4, 5, 6, 8, 10, 12, 15, 19 மி.மீ. என்ற படிகளில் வருகிறது. இதே சூத்திரத்தில் வேறு சில அளவுகளைப் போட்டுப் பார்த்தால், 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டிக்கு 4.1 வருகிறது, 5 மி.மீ. போதுமெனினும் நான் 6-ஐயே பரிந்துரைப்பேன், ஏனெனில் மெல்லிய கண்ணாடியில், கண்ணாடிகளை இணைக்கும் பசையான சிலிக்கான் ஒட்டும் பரப்பும் குறைந்துவிடுகிறது. 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம் என்றால் 7.6 வருகிறது, அது 8-க்கு மிக அருகில் இருப்பதால் 10 போடுபவரை நான் தடுக்க மாட்டேன். 120 நீளம், 45 உயரம் என்றால் கணக்கு 8-ஐ ஒரு மயிரிழையில் தாண்டுகிறது, 10 மி.மீ. எடுக்க வேண்டும்.

தடிமனையும் உயரத்தையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட்டால் கிடைக்கும் ஆதாயம் பெரிய தொட்டிகளில்தான் நன்றாகத் தெரியும். 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. உயரமும் உள்ள தொட்டிக்குக் கணக்கு 12.2 என்கிறது, அதாவது 15 மி.மீ. கண்ணாடிக்குப் போக வேண்டும், முகப்புக் கண்ணாடி ஒன்றே ஏறத்தாழ 34 கிலோ எடை வரும். உயரத்தை 5 செ.மீ. மட்டும் குறைத்து 55 ஆக்கினால் கணக்கு 10.9-க்கு இறங்கிவிடுகிறது, 12 மி.மீ. தாராளமாகப் போதும். மீனுக்கு அந்த 5 செ.மீ. ஒரு இழப்பே அன்று. பெரும்பாலான மீன்களுக்கு நீந்துவதற்கு வேண்டியது நீளமும் அகலமுமே. உயரம் கூடக் கூட அடியில் கையை விட்டுத் துடைப்பதும், செடிகளுக்கு வெளிச்சம் கொண்டுசேர்ப்பதும்கூடக் கடினமாகின்றன. ஆகவே உயரத்தை முதலிலேயே பிடிவாதமாக முடிவுசெய்துவிடாமல், கண்ணாடிப் படிகளோடு ஒப்பிட்டு ஓரிரு முறை மாற்றிப் பாருங்கள்.

பாதுகாப்புக் காரணியைக் குறைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதே 120 × 60 முகப்பை 12 மி.மீ.-ல் செய்தால் காரணி 4, 10 மி.மீ.-ல் 2.8, 8 மி.மீ.-ல் 1.8. கடைகளில் விற்கும் சில தொட்டிகள் இதைவிட மெல்லிய கண்ணாடியில் வருவதைக் காட்டி, 3.8 வீண்செலவு என்று வாதிடுவோர், ஆலையில் விளிம்பு நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டு, ஒரே மாதிரி பசையிடப்பட்ட தொட்டியோடு நம் கைவேலையை ஒப்பிடுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். விளிம்பில் கவனிக்கப்படாத ஒரு சிறு சில்லு, தொட்டி நிற்கும் தாங்கியின் மட்டத்தில் ஒரு சிறு கோணல், சுத்தம் செய்யும்போது மணலால் விழும் கீறல், ஓடிவரும் குழந்தையின் மோதல், கண்ணாடியின் தடிமனிலேயே உள்ள ஏற்ற இறக்கம் என இவை அனைத்தையும் அந்த ஒரே எண்தான் ஈடுகட்ட வேண்டும். முதல் தொட்டி கட்டுபவர் 3.8-க்குக் கீழே போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது, பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் இடத்துக்கு வருகிறேன். மேலே தந்த கெழுக்கள், கண்ணாடியின் நான்கு விளிம்புகளும் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்ற அடிப்படையில் அமைந்தவை. அடிவிளிம்பையும் இரு பக்க விளிம்புகளையும் சிலிக்கான் பிடித்துக்கொள்கிறது. மேல்விளிம்பை எது பிடிக்கிறது? நீண்ட தொட்டியில் ஒன்றும் பிடிக்காமல் விட்டால் மேல்விளிம்பின் நடுப்பகுதிதான் மிகுதியாக வெளியே வளையும். மேலே எந்தப் பட்டையும் இல்லாத திறந்த தொட்டிக்கு இந்தக் கெழுக்களை அப்படியே பயன்படுத்தினால் விடை குறைவாகவே வரும். 120 × 60 முகப்பைத் திறந்த தொட்டியாகக் கட்டுவதானால் 12 அன்றி 15 மி.மீ. எடுக்க வேண்டும். நீளம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரை உள்ள திறந்த தொட்டிகளுக்குக் கணக்கில் வருவதைவிடக் குறைந்தது ஒரு படி மேலே செல்லுங்கள். அதற்கு மேல் நீண்ட தொட்டியானால், திறந்த வடிவத்தின் அழகை விட்டுக்கொடுத்துப் பட்டை வைத்துவிடுவதே முறை.

பட்டை வைப்பதில் இரண்டு வகை உண்டு. முகப்பு, பின்புறம் ஆகிய இரண்டின் மேல்விளிம்பை ஒட்டி, உட்புறமாக, படுக்கைவாட்டில் நீள்பட்டைகளை ஒட்டுவது ஒன்று. 5 முதல் 7 செ.மீ. அகலத்தில், சுவர்க் கண்ணாடியின் தடிமனிலேயே வெட்டப்பட்ட பட்டைகள் பொதுவாகப் போதும். படுத்திருக்கும் பட்டை, நீர் தள்ளும் திசையில் தன் முழு அகலத்தாலும் வளைவை எதிர்ப்பதால், மெல்லியதாகத் தெரிந்தாலும் மிகுந்த விறைப்பைத் தருகிறது. முகப்பையும் பின்புறத்தையும் நடுவில் இணைக்கும் குறுக்குப்பட்டை இன்னொன்று. 120 செ.மீ.-க்கு மேற்பட்ட தொட்டிகளில் இரண்டையும் சேர்த்து வைப்பதே பத்திரம். குறுக்குப்பட்டை தொடர்ந்து இழுவிசையில் நிற்பது. எனவே அதை நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்குமாறு வைக்காமல், நீள்பட்டைகளின் மீது நன்கு படியுமாறு ஒட்ட வேண்டும். பட்டை இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிச் சுவரின் தடிமனை மேலும் குறைக்க வேண்டாம். கெழுக்களில் அந்த உதவி ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டது.

பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறுகியவை என்பதால் அவற்றுக்குக் குறைந்த தடிமன் போதும். 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள பக்கத்துக்கு 10 மி.மீ. போதுமானது. ஆயினும் நான்கு சுவர்களையும் ஒரே தடிமனில் வெட்டுவதே வேலையை எளிதாக்கும். பக்கக் கண்ணாடியின் தடிமன்தான் மூலையில் சிலிக்கான் ஒட்டும் அகலம் என்பதால் மூட்டும் வலுவாகும்.

அடிக் கண்ணாடியின் நிலை வேறு. நீரின் முழு அழுத்தமும் அதன் மீதே இறங்குகிறது. கீழே முழுப் பரப்பிலும் சமமாகத் தாங்கப்பட்டால் அது வளைய வேண்டிய தேவையே எழாது. சுவரின் தடிமனே அதற்கும் போதும். விளிம்புகளில் மட்டும் தாங்கப்பட்டு நடுவில் வெற்றிடம் இருந்தால், 120 × 45 செ.மீ. அடிக் கண்ணாடிக்கு 60 செ.மீ. நீரின் கீழ் ஏறத்தாழ 13 மி.மீ. தேவைப்படுகிறது, அதாவது 15 மி.மீ. கண்ணாடி. அடிக் கண்ணாடி நேரடியாகத் தாங்கியில் அமரும் தொட்டிகளுக்கு, தட்டையான தடித்த பிளைவுட் பலகையும் அதன் மேல் தெர்மகோல் அல்லது மெத்துநுரை விரிப்பும் போட்ட பிறகே தொட்டியை வைக்க வேண்டும். பலகையில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு கல்கூட அடிக் கண்ணாடியை ஒரே புள்ளியில் குத்தி உடைக்கப் போதுமானது. விரிப்பு அந்த ஆபத்தைத்தான் தடுக்கிறது. கனமான பாறைகளை அடுக்க நினைப்போர் அடிக் கண்ணாடியை ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். அடியில் துளையிடுவதானாலும் இதே அறிவுரைதான். துளையின் ஓரத்தில் தகைவு குவியும், எனவே துளையின் விட்டத்துக்குக் குறையாத தூரமாவது விளிம்பிலிருந்து விட்டே துளையிட வேண்டும்.

சூடாக்கி வேகமாகக் குளிர்வித்துப் பதப்படுத்திய டஃப்பன்டு கண்ணாடி நான்கு ஐந்து மடங்கு வலிமையானது என்பதால் மெல்லியதாகவே போடலாமே என்று தோன்றும். வலிமை கூடினாலும் விறைப்பு கூடுவதில்லை. அதே தடிமனில் சாதாரணக் கண்ணாடி எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுதான் இதுவும் வளையும், மூட்டுகளில் உள்ள சிலிக்கான் அந்த வளைவைத் தாங்க வேண்டியிருக்கும். பதப்படுத்திய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. சாதாரணக் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் நீர் கசிந்து வெளியேற ஓரளவு நேரம் கிடைக்கலாம். டஃப்பன்டு கண்ணாடியோ உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறித் தண்ணீரைக் கொட்டிவிடும். வீட்டில் கட்டும் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியிலும் ஏமாற்றம் உண்டு. நீண்ட காலச் சுமையின் கீழ் அந்தப் படலம் நழுவிக்கொடுப்பதால், இரண்டு 6 மி.மீ. சேர்ந்து ஒரு 12 மி.மீ. ஆகிவிடுவதில்லை, படலத்தின் உதவியைச் சேர்க்காமல் பார்த்தால் வலிமையில் அது ஏறத்தாழ 8.5 மி.மீ. கண்ணாடிக்குத்தான் சமம். பச்சை நிறம் குறைந்த தெளிவான கண்ணாடிக்கு வலிமையில் வேறுபாடு இல்லை, அதே கணக்குதான்.

பழைய மேசை, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றின் கண்ணாடியைப் பயன்படுத்த விரும்புவோர் அதில் கீறல் இருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறல் உள்ள கண்ணாடியை ஒதுக்கிவிடுங்கள். அது டஃப்பன்டு கண்ணாடியா என்பதை அறிய, போலராய்டு மூக்குக்கண்ணாடி அணிந்து, பகல் வானத்தின் பிரதிபலிப்பில் சாய்த்துப் பார்த்தால், பதப்படுத்திய கண்ணாடியில் புள்ளிகளோ பட்டைகளோ மங்கலாகத் தென்படும்.

புதுக் கண்ணாடியானாலும் தடிமனை வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளந்து பாருங்கள். 12 மி.மீ. என்று விற்கப்படும் கண்ணாடி 11.7 ஆக இருப்பது தர வரம்புக்கு உட்பட்டதே. அதனால் தகைவு 5 விழுக்காடு மட்டுமே கூடும், பாதுகாப்புக் காரணி அதை ஏற்றுக்கொள்ளும். 11-க்கு அருகில் வந்தால் அதை 12 என்று ஏற்காதீர்கள். விளிம்புகள் அனைத்தையும், குறிப்பாக மேல்விளிம்பை, தேய்த்து வாங்குவது அவசியம். கைக்குக் காயம் ஏற்படாதிருக்க மட்டுமன்று, வெட்டிய விளிம்பில் உள்ள நுண்சில்லுகளை நீக்குவதற்கும்தான்.

தடிமன் முடிவானதும் வெட்டும் அளவுகள் அதைப் பொறுத்தே அமையும். வெளிப்புறம் 120 × 45 செ.மீ., உயரம் 60 செ.மீ., கண்ணாடி 12 மி.மீ., சிலிக்கானுக்கு ஒவ்வொரு மூட்டிலும் 1 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டு, நான்கு சுவர்களையும் அடிக் கண்ணாடியின் மேல் நிறுத்துவதானால், அடிக் கண்ணாடி 1200 × 450 மி.மீ. இருக்கும். முகப்பும் பின்புறமும் 1200 மி.மீ. நீளம், அவற்றுக்கு இடையே பொருந்தும் பக்கக் கண்ணாடிகள் 450-லிருந்து இரண்டு தடிமன்களான 24-ஐயும் இரண்டு இடைவெளிகளான 2-ஐயும் கழித்து 424 மி.மீ. அகலம். சுவர்களின் உயரம் 600-லிருந்து அடிக் கண்ணாடியின் 12-ஐயும் மூட்டின் 1-ஐயும் கழித்து 587 மி.மீ. தடிமனைப் பிறகு மாற்றினால் இந்த எண்கள் எல்லாமே மாறும்; ஆகவே கண்ணாடியை அளந்த பிறகே வெட்டக் கொடுங்கள். இந்தத் தொட்டியின் ஐந்து கண்ணாடிகளும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இருக்கும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ எடை கொண்டது. நீரும் மணலும் சேர்ந்தால் மொத்தம் 400 கிலோவைத் தாண்டும். தாங்கியும் தரையும் அதைத் தாங்குமா என்பதைக் கண்ணாடி வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒட்டிய தொட்டியைச் சிலிக்கான் நன்கு இறுகும்வரை, தடித்த மூட்டுகளானால் ஒரு வாரமாவது, தொடாமல் விட்டு, பிறகு நீர் கொட்டினாலும் சேதமில்லாத இடத்தில், மட்டமான பலகையின் மேல் வைத்துச் சோதியுங்கள். நிரப்புவதற்கு முன் முகப்புக்கும் பின்புறத்துக்கும் இடையே உள்ள வெளி அளவை, மேல்விளிம்பின் நடுவில், மிகத் துல்லியமாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழுவதும் என நிரப்பி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாள் விட்டு அதே இடத்தில் மீண்டும் அளவெடுங்கள். பட்டையிட்ட 120 × 60 தொட்டியில் 12 மி.மீ. கண்ணாடியின் வளைவு ஒரு மி.மீ.-க்கும் குறைவாகவே இருக்க வேண்டும். முழுக் கொள்ளளவு நிரம்பிய பிறகும் நாளுக்கு நாள் அளவு கூடிக்கொண்டே போனால் எங்கோ மூட்டோ பட்டையோ விலகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே நீரை வடித்துவிட்டு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே தொட்டியை வீட்டுக்குள் கொண்டுசெல்லுங்கள்.